அரணைக் கடக்கும் துகள்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

குவாண்டம் இயக்கவியல் என்ற பெயரைக் கேட்டதும் அச்சம் கொள்வோர் எங்கள் இயற்பியல் துறையிலேயே பலர் உண்டு. ஏனைய துறை நண்பர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. எங்கள் பாடத்தில் 'மின்னழுத்த அரணை ஊடுருவுதல்' என்பது ஒரு பத்து மதிப்பெண் வினா. சமன்பாட்டை எழுதி, வெளியை மூன்று பகுதிகளாகப் பிரித்து, எல்லை நிபந்தனைகளைப் புகுத்தி, இறுதியில் வரும் கோவையைச் சுற்றிக் கட்டம் போட்டுவிட்டால் பத்து மதிப்பெண்ணும் கைக்கு வந்துவிடும்.

ஆனால் அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் கோவை என்ன சொல்கிறது? கதிரவன் ஏன் ஒளிர்கிறான்? கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை மணலில் தோரியம் இன்னும் ஏன் தீராமல் இருக்கிறது? நம் சட்டைப்பையிலுள்ள கைப்பேசி நேற்று எடுத்த படத்தை இன்றும் எவ்வாறு நினைவில் வைத்திருக்கிறது? இம்மூன்று வினாக்களின் விடையிலும் அதே கோவை இடம் பெறுகிறது. இவ்வளவு பெரிய செய்தியைப் பத்து மதிப்பெண்ணுக்கு விற்றுவிட மனமின்றியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். கணிதம் பயிலாத நண்பர்களும் படிக்க வேண்டும் என்பதால் சமன்பாடு ஒன்றையும் எழுதப் போவதில்லை. ஆனால் எண்களை மட்டும் விட மாட்டேன். எண்களை விட்டுவிட்டால் இப்பொருள் வெறும் மாயக்கதையாகிவிடும்.

பெயர் பற்றி ஒரு சொல்

ஆங்கிலத்தில் இந்நிகழ்ச்சியை 'டனலிங்' என்பர். மலையைக் குடைந்து அமைத்த சுரங்கப்பாதை வழியே செல்லுதல் என்பது அச்சொல் தரும் படம். தமிழிலும் 'சுரங்க விளைவு' என்று எழுதுவோர் உண்டு. ஆனால் துகள் எதையும் குடைவதில்லை. அது கடந்து சென்ற பின்னர்த் தடையில் துளை எதுவும் எஞ்சுவதில்லை. ஆகவே 'அரண் ஊடுருவல்' என்ற சொல்லையே இங்கு வழங்குகிறேன். கோட்டைக்கும் காவலுக்கும் நம் முன்னோர் வழங்கிய 'அரண்' என்ற சொல் இங்கு நன்கு பொருந்துகிறது. ஆயினும் நாம் காணப்போகும் அரண் கல்லால் கட்டியது அன்று, ஆற்றலால் ஆனது.

பந்தும் மேடும்

பத்து மீட்டர் உயரமுள்ள மேடு ஒன்றின் அடிவாரத்தில் பந்து ஒன்று இருக்கிறது. உராய்வையும் பந்து சுழல்வதையும் கணக்கில் கொள்ளாமல் விட்டுவிடுவோம். நொடிக்கு 14 மீட்டர் வேகத்தில் அதைச் செலுத்தினால் அது மேட்டின் உச்சியை எட்டும். நொடிக்கு 13 மீட்டர் வேகத்தில் செலுத்தினால் ஏறத்தாழ எட்டரை மீட்டர் உயரம் வரை ஏறி, அங்கே கணநேரம் நின்று, வந்த வழியே திரும்பிவிடும். நூறு முறை செய்தாலும் இதே முடிவு. கோடி முறை செய்தாலும் இதே முடிவு.

காரணம் எளிது. ஏற ஏறப் பந்தின் இயக்க ஆற்றல் நிலை ஆற்றலாக மாறுகிறது. கையிருப்பு முழுதும் தீர்ந்த இடத்தில் பந்து நின்றுவிடுகிறது. அதற்கு மேல் ஏற வேண்டுமானால் இயக்க ஆற்றல் சுழியத்துக்கும் கீழே போக வேண்டும். அப்படி ஒன்று நியூட்டனின் இயக்கவியலில் கிடையாது. எனவே மேட்டின் எஞ்சிய பகுதி பந்துக்குத் 'தடை செய்யப்பட்ட பகுதி'. மேட்டுக்கு அப்பால் எவ்வளவு ஆழமான பள்ளம் இருந்தாலும் பந்துக்கு அதனால் பயனில்லை.

பந்துக்குரிய இந்த நீதி அணுவுக்குள் இருக்கும் துகளுக்கும் பொருந்துமா? பொருந்தாது என்பதை இயற்கையே ஒரு புதிரின் வாயிலாகக் காட்டிக்கொடுத்தது.

யுரேனியம் போட்ட புதிர்

யுரேனியம், தோரியம் போன்ற கனத்த தனிமங்களின் அணுக்கருக்கள் தாமாகவே சிதைந்து ஆல்பாத் துகள்களை உமிழ்கின்றன. ஆல்பாத் துகள் என்பது இரண்டு புரோட்டான்களும் இரண்டு நியூட்ரான்களும் சேர்ந்த கட்டு. கருவுக்குள் இருக்கும்வரை வலிமைமிக்க அணுக்கரு விசை அதைப் பிடித்து வைத்திருக்கிறது. கருவின் எல்லையைத் தாண்டிச் சற்றே வெளியே வந்துவிட்டால் அவ்விசையின் பிடி விட்டுவிடும். அங்கே மின்விசையின் ஆட்சி. ஆல்பாத் துகளும் நேர்மின் உடையது, எஞ்சிய கருவும் நேர்மின் உடையது. ஆதலால் ஒன்றையொன்று விலக்கும்.

உள்ளே இழுவிசை, வெளியே விலக்குவிசை. இவ்விரண்டுக்கும் இடையே எழுந்து நிற்கும் ஆற்றல் மேடே அரண். ஒரு கிணற்றையும், அதைச் சுற்றி உயர்ந்து வெளிப்புறமாகச் சரிந்து இறங்கும் மண்மேட்டையும் மனக்கண்ணில் கொண்டால் படம் தெளிவாகும். கிணற்றுக்குள் கிடப்பது ஆல்பாத் துகள்.

இனி எண்களைப் பார்ப்போம். அணுக்கரு இயற்பியலில் ஆற்றலை மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட்டில் அளப்பர். இக்கட்டுரையில் அதைச் சுருக்கமாக 'அலகு' என்றே குறிக்கிறேன். யுரேனியக் கருவைச் சுற்றியுள்ள அரணின் உயரம் 25 அலகுக்கும் மேல். ஆனால் அதிலிருந்து வெளிவரும் ஆல்பாத் துகளின் ஆற்றல் 4.2 அலகுதான். மேட்டின் உச்சிவரை ஏறி மறுபுறம் சறுக்கி வந்திருந்தால் அது குறைந்தது 25 அலகு ஆற்றலுடன் அல்லவா வந்து சேர வேண்டும்?

விந்தை இத்துடன் முடியவில்லை. யுரேனியத்தின் ஆல்பாத் துகளைப் போல ஏறத்தாழ இரு மடங்கு ஆற்றலுள்ள வேறு ஆல்பாத் துகள்களை வெளியிலிருந்து யுரேனியத்தின் மீது செலுத்திப் பார்த்தபோது, அவை கருவுக்குள் நுழைய இயலாமல் மின்விலக்கத்தால் சிதறித் திரும்பின. 1920-களில் ரூதர்போர்டு போன்ற பேரறிஞர்களைத் திகைக்க வைத்த முரண்பாடு இது. வலுத்த துகள் வெளியிலிருந்து நுழைய முடியாத அரணை, வலுக்குறைந்த துகள் உள்ளிருந்து எவ்வாறு கடக்கிறது?

இப்புதிருக்கு 1928 ஆம் ஆண்டில் விடை கிடைத்தது. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகருக்கு வந்திருந்த ஜார்ஜ் காமோவ் என்ற 24 வயது ரஷ்ய இளைஞர் அவ்விடையைக் கண்டார். அதே ஆண்டில் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் கர்னி, காண்டன் என்ற இருவரும் தனியே அதே முடிவுக்கு வந்தனர். அதற்கு முந்தைய ஆண்டிலேயே மூலக்கூறுகளைப் பற்றிய ஆய்வில் பிரெடரிக் ஹுண்ட் இக்கருத்தைத் தொட்டிருந்தார். இவர்கள் அனைவரும் புதிய விசை எதையும் கற்பிக்கவில்லை. துகளுக்கு அலைப்பண்பு உண்டு என்ற ஒரே செய்தியை நேர்மையாகக் கடைசிவரை பின்பற்றினர், அவ்வளவே.

அலை சொல்லும் விடை

ஒளிக்கு அலைப்பண்பும் துகள்பண்பும் இருப்பது போல, எலெக்ட்ரான் முதலிய துகள்களுக்கும் அலைப்பண்பு உண்டு என 1924 ஆம் ஆண்டில் டி பிராய் கூறினார். 1927 ஆம் ஆண்டில் டேவிசனும் ஜெர்மரும் எலெக்ட்ரான்களை நிக்கல் படிகத்தில் மோதவிட்டு, அவை அலைகளைப் போலவே விளிம்பு விளைவு காட்டுவதை மெய்ப்பித்தனர். இடையில் 1926 ஆம் ஆண்டில் அவ்வலைக்குரிய சமன்பாட்டை ஷ்ரோடிங்கர் தந்தார். அவ்வலை எங்கே வலுவாக இருக்கிறதோ அங்கே துகளைக் காணும் நிகழ்தகவு அதிகம். எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே குறைவு என்பது மாக்ஸ் பார்ன் தந்த விளக்கம்.

அரணை நோக்கி வரும் அலைக்கு என்ன நேர்கிறது? அரணின் முகப்பில் அது கத்தியால் வெட்டியது போல நின்றுவிடுவதில்லை. எந்த அலையும் ஓரிடத்தில் திடீரென்று சுழியமாகிவிட ஷ்ரோடிங்கர் சமன்பாடு இடம் தருவதில்லை. அரணின் உயரம் முடிவிலியாக இருந்தால் மட்டுமே அது நிகழும். ஆகவே அலை அரணுக்குள் நுழைகிறது. ஆனால் அங்கே அது ஏறி இறங்கி அலைவதில்லை. உள்ளே செல்லச் செல்ல மடங்கு மடங்காகத் தேய்கிறது. அரண் தடிமனாக இருந்தால் மறுபுறம் சேருமுன் ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போய்விடும். மெல்லியதாக இருந்தால் சிறிதளவு எஞ்சி, மறுபுறத்தில் மீண்டும் அலையாகப் பயணம் செய்யும். மறுபுறத்தில் அலை இருக்கிறது என்றால் துகளை அங்கே காணும் வாய்ப்பும் இருக்கிறது என்பது பொருள். அரண் ஊடுருவல் என்பது இதுவே.

ஒரு டம்ளர் நீர்

'இதெல்லாம் ஏட்டுக் கணக்கு' என்று எண்ணும் நண்பர்கள், இதன் உறவுமுறை நிகழ்ச்சி ஒன்றை வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடி டம்ளர் ஒன்றில் நீர் நிரப்பிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். நீர்ப்பரப்பின் வழியே சாய்வாக டம்ளரின் உட்பக்கச் சுவரைப் பாருங்கள். சுவர் வெள்ளி பூசியது போல் பளபளக்கும். அதற்குப் பின்னாலுள்ள விரல்கள் தெரியமாட்டா. முழு அக எதிரொளிப்பு நிகழ்வதே காரணம். இப்போது விரலைச் சற்றே ஈரமாக்கி டம்ளரை அழுத்திப் பிடியுங்கள். பளபளப்பின் நடுவே விரல் ரேகைகளின் மேடுகள் மட்டும் தெளிவாகத் தெரியும்!

முழு எதிரொளிப்பின்போதும் ஒளியலை கண்ணாடியின் எல்லையோடு நின்றுவிடுவதில்லை. வெளியிலுள்ள காற்றுக்குள் தன் அலைநீளத்தின் அளவே ஆன மிகச்சிறு தொலைவுக்குத் தேய்ந்தபடி நீள்கிறது. ரேகையின் மேடுகள் அந்தத் தொலைவுக்குள் நெருங்கி வந்து ஒளியைப் பெற்றுக்கொள்கின்றன. பள்ளங்கள் எட்டவே நிற்பதால் பெறுவதில்லை. இங்கே காற்று இடைவெளிதான் அரண்.

இதே நிகழ்ச்சியைக் காமோவுக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே நம் நாட்டுக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் அளந்து பார்த்தார் என்பது நமக்குப் பெருமை தருவது. கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த ஜகதீச சந்திர போஸ், 1897 ஆம் ஆண்டில் சிற்றலைநீளமுள்ள மின்காந்த அலைகளைக் கொண்டு, இரு கண்ணாடிக் கட்டிகளுக்கு இடைப்பட்ட காற்று இடைவெளியின் தடிமன் முழு எதிரொளிப்பை எவ்வாறு பாதிக்கிறது என்று ஆராய்ந்தார். இடைவெளி குறையக் குறைய அலையின் ஒரு பகுதி மறுபுறம் கடந்து செல்வதைக் கண்டார். அன்று அது ஒளியியல் சோதனை மட்டுமே. ஆனால் துகளும் அலையே என்று அறிந்த பின்னர், ஒளிக்கு நேர்வது துகளுக்கும் நேரும் என்பதில் வியப்பென்ன?

எவ்வளவு தேயும்?

அரணைக் கடக்கும் வாய்ப்பை மூன்று செய்திகள் முடிவு செய்கின்றன. ஒன்று, அரணின் தடிமன். இரண்டு, அரணின் உச்சியை எட்டத் துகளுக்கு எவ்வளவு ஆற்றல் குறைகிறது என்பது. மூன்று, துகளின் நிறை. இம்மூன்றில் எது கூடினாலும் வாய்ப்பு குறையும்.

எவ்வாறு குறையும் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஓர் எலெக்ட்ரானுக்கு 4 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் குறைகிறது என்று கொள்வோம். அரணின் தடிமன் ஓர் ஆங்ஸ்ட்ராம் (ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) கூடும்தோறும் கடக்கும் வாய்ப்பு ஏறத்தாழ எட்டில் ஒன்றாகிறது. இரண்டு ஆங்ஸ்ட்ராம் கூடினால் 64-இல் ஒன்று. மூன்று கூடினால் 512-இல் ஒன்று. பத்து கூடினால் 100 கோடியில் ஒன்று! வட்டிக்கு வட்டி ஏறுவதைக் கண்டு அஞ்சுவோமே, அதே பெருக்கம் இங்கே தலைகீழாக நடக்கிறது. கணிதத்தில் இதனை அடுக்குக்குறித் தேய்வு என்பர். தேர்வில் நாம் கட்டம் கட்டும் கோவையின் உயிர் இந்த அடுக்கில்தான் இருக்கிறது.

இங்கே எழக்கூடிய மூன்று ஐயங்களைத் தீர்த்துவிட்டு மேலே செல்வோம்.

அலையின் ஒரு பகுதி கடந்தால் எலெக்ட்ரானிலும் ஒரு பகுதிதான் கடக்குமா? இல்லை. முழு எலெக்ட்ரான் கடக்கும், அல்லது முழு எலெக்ட்ரான் திரும்பும். எட்டில் ஒன்று என்பது, இத்தகைய எலெக்ட்ரான்கள் பல வந்து மோதினால் எட்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கடக்கும் என்பதைக் குறிக்கும்.

அரணைத் துளைத்ததால் துகள் களைத்து, ஆற்றல் குன்றி வெளிவருமா? இல்லை. நாம் பேசும் எளிய அரணில், எந்த ஆற்றலுடன் வந்ததோ அதே மொத்த ஆற்றலுடன் அது வெளியேறும். குறைவது கடக்கும் வாய்ப்புதான். கடந்த துகளின் ஆற்றல் அன்று.

துகள் சிறிது நேரத்துக்கு ஆற்றலைக் கடன் வாங்கி, அரணைத் தாண்டியதும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது என்று சில நூல்களில் எழுதுகிறார்களே? கேட்பதற்குச் சுவையான உவமை. ஆனால் கணக்கில் அதற்கு வேலையில்லை. ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை இவ்வரணுக்குத் தீர்க்கும்போது தொடக்கம் முதல் இறுதிவரை ஆற்றல் ஒரே மதிப்பில்தான் நிற்கிறது. கடனும் இல்லை, வட்டியும் இல்லை.

மணவாளக்குறிச்சி மணல்

இந்த அடுக்கின் வலிமையைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் கிடைக்கிறது. அதில் தோரியம் இருக்கிறது. தோரியக் கரு 4.0 அலகு ஆற்றலுள்ள ஆல்பாத் துகளை உமிழ்ந்து சிதைகிறது. அதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 1400 கோடி ஆண்டுகள். அண்டத்தின் வயதே 1380 கோடி ஆண்டுகள்தான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

தோரியம் சிதைந்து, அதன் வாரிசும் சிதைந்து, இப்படியே செல்லும் வரிசையின் கடைசிக் கட்டத்தில் பொலோனியம்-212 என்ற கரு பிறக்கிறது. அதுவும் அதே மணலில்தான் பிறக்கிறது. அது உமிழும் ஆல்பாத் துகளின் ஆற்றல் 8.8 அலகு. அதன் அரை ஆயுட்காலம் ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

ஆற்றல் கூடியது இரண்டே கால் மடங்குக்கும் குறைவு. ஆயுட்காலம் குறைந்ததோ, 1 எழுதி அதன் பின் 24 சுழியங்கள் இட்டால் வரும் எண்ணிக்கையிலான மடங்கு! ஒரே பிடி மணலில், ஒரே வகை நிகழ்ச்சியில், இத்தகைய இடைவெளி எங்கிருந்து வந்தது?

மேட்டின் வெளிப்புறச் சரிவை நினைவுகூர்வோம். மேட்டின் அடியில் அகலம் அதிகம். மேலே செல்லச் செல்ல அகலம் குறைவு. தோரியத்தின் ஆல்பா மேட்டின் தாழ்ந்த பகுதியில் நின்று முட்டுகிறது. அங்கே அரணின் தடிமன் 50 ஃபெர்மிக்கும் மேல். பொலோனியத்தின் ஆல்பா உயர்ந்த பகுதியில் நின்று முட்டுகிறது. அங்கே தடிமன் 20 ஃபெர்மிக்கும் குறைவு. (ஃபெர்மி என்பது ஆங்ஸ்ட்ராமில் இலட்சத்தில் ஒரு பங்கு.) தடிமனும் குறைந்து, ஆற்றல் பற்றாக்குறையும் குறையவே, அடுக்கு தன் வேலையைக் காட்டிவிடுகிறது. ஆற்றல் மிகுந்த ஆல்பாவை உமிழும் கருவுக்கு ஆயுள் குறைவு என்பதைக் கைகரும் நட்டாலும் 1911 ஆம் ஆண்டிலேயே சோதனை வாயிலாகக் கண்டிருந்தனர். ஏன் என்பதற்குக் காமோவின் கணக்கே முதல் விடை.

ஆல்பாத் துகள் கருவுக்குள் அங்குமிங்கும் ஓடிச் சுவரில் முட்டுவதாக உருவகித்தால், அது நொடிக்கு ஏறத்தாழ 1-க்குப் பின் 21 சுழியங்கள் கொண்ட தடவை முட்டுகிறது. அப்படி முட்டியும் தோரியத்திலிருந்து வெளியேற அதற்குச் சராசரியாகப் பல நூறு கோடி ஆண்டுகள் ஆகின்றன. அரணின் மதில் அவ்வளவு திண்மையானது. ஆனாலும் முழுமையானது அன்று. அந்த நூலளவு குறையால்தான் தோரியம் கதிரியக்கம் உடையதாயிற்று. அது நூலளவாக இருப்பதால்தான் தோரியம் இன்னும் நம் கடற்கரையில் எஞ்சியிருக்கிறது.

கதிரவனின் அடுப்பு

கதிரவனின் நடுவில் புரோட்டான்கள் இணைந்து ஹீலியமாகின்றன. அதில் வெளிப்படும் ஆற்றலே நமக்கு வெயிலாக வருகிறது. இணைய வேண்டுமானால் இரண்டு புரோட்டான்கள் தம் மின்விலக்கத்தை வென்று ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு நெருங்க வேண்டும். அவற்றுக்கிடையே உள்ள அரணின் உயரம் ஏறத்தாழ ஓர் அலகு. கதிரவனின் நடுவில் வெப்பநிலை ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டிகிரி. அவ்வெப்பத்தில் ஒரு புரோட்டானின் சராசரி ஆற்றல் ஓர் அலகில் 500-இல் ஒரு பங்குதான்.

சராசரியைவிட வேகமான புரோட்டான்களும் இருக்குமே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் கதிரவனிலுள்ள மொத்தப் புரோட்டான்களின் எண்ணிக்கை 1-க்குப் பின் ஏறத்தாழ 57 சுழியங்கள். அத்தனையிலும் தேடினாலும் அரணுக்கு மேலே தாவக்கூடிய ஒன்றுகூடத் தேறாது. பழைய இயக்கவியலின்படி கதிரவன் எரியவே முடியாது. 1920-களில் எடிங்டன் விண்மீன்கள் அணுக்கரு ஆற்றலால் ஒளிர்கின்றன என்று வாதிட்டபோது, விண்மீன்கள் அதற்குப் போதிய வெப்பமுடையன அல்ல என்று மற்றவர்கள் மறுத்ததற்கு இதுவே காரணம்.

காமோவின் கணக்கு வெளியான மறு ஆண்டே, அதாவது 1929 ஆம் ஆண்டில், அட்கின்சனும் ஹூட்டர்மான்சும் அதை விண்மீன்களுக்குப் பொருத்திக் காட்டினர். புரோட்டான்கள் அரணைத் தாண்ட வேண்டுவதில்லை, ஊடுருவினால் போதும். பின்னர் 1930-களின் இறுதியில் ஹான்ஸ் பெத்தே அவ்விணைவின் படிகளை முழுமையாக வகுத்தார். ஊடுருவல் மட்டும் நடந்தால் போதாது. நெருங்கிய கணத்தில் புரோட்டான் ஒன்று நியூட்ரானாக மாறவும் வேண்டும். அது அதனினும் அரிய நிகழ்ச்சி. இவ்விரு அருமையும் சேர்ந்தே கதிரவன் வெடித்துச் சிதறாமல் 460 கோடி ஆண்டுகளாகச் சீராக எரிகிறான்.

மனிதன் கைக்கொண்ட ஊடுருவல்

இயற்கையில் கண்டதை மனிதன் கருவியில் அமைத்தான். 1957 ஆம் ஆண்டில் ஜப்பானில், இன்று சோனி எனப்படும் நிறுவனத்தில் பணியாற்றிய லியோ எசாகி, குறைகடத்திச் சந்தியின் அரணை மிக மெல்லியதாக்கி எலெக்ட்ரான்களை ஊடுருவச் செய்தார். மின்னழுத்தத்தைக் கூட்டும்போது மின்னோட்டம் குறையும் விந்தையை அவருடைய டையோடு காட்டியது. 1973 ஆம் ஆண்டின் நோபல் பரிசை அவரும், மீக்கடத்திகளில் ஊடுருவலை ஆய்ந்த கியாவரும் ஜோசப்சனும் பகிர்ந்துகொண்டனர். ஜோசப்சன் தம் முடிவை வெளியிட்ட 1962 ஆம் ஆண்டில் அவருக்கு வயது 22, ஆராய்ச்சி மாணவர்.

1981 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜூரிச் ஆய்வகத்தில் பின்னிக், ரோரர் என்ற இருவர் அடுக்கின் கொடுமையையே வரமாக்கினர். கூரிய ஊசியொன்றை ஒரு பரப்புக்குச் சில ஆங்ஸ்ட்ராம் தொலைவில் நிறுத்தினால், இடைவெளியை எலெக்ட்ரான்கள் ஊடுருவி மிகச்சிறு மின்னோட்டம் பாயும். ஊசி ஓர் ஆங்ஸ்ட்ராம் விலகினாலும் மின்னோட்டம் எட்டில் ஒன்று, பத்தில் ஒன்று என்று விழுந்துவிடும். எனவே ஊசியை நகர்த்திக்கொண்டே மின்னோட்டத்தைக் கவனித்தால் பரப்பிலுள்ள ஒவ்வோர் அணுவும் மேடாகப் புலப்படும். இந்த ஊடுருவல் நுண்ணோக்கிக்காக 1986 ஆம் ஆண்டில் அவர்கள் நோபல் பரிசில் பாதியைப் பெற்றனர்.

கைப்பேசியிலும் பென்டிரைவிலும் உள்ள நினைவகத்தில், மின்காப்புப் படலத்தால் சூழப்பட்ட நுண்ணறைகளில் எலெக்ட்ரான்களை அடைத்து வைக்கிறார்கள். எழுதும்போது உயர் மின்னழுத்தம் தரப்படுகிறது. அரண் சாய்ந்து மெலிகிறது. எலெக்ட்ரான்கள் ஊடுருவி உள்ளே செல்கின்றன. மின்னழுத்தத்தை எடுத்துவிட்டால் அரண் மீண்டும் தடித்துவிடும். எலெக்ட்ரான்கள் ஆண்டுக்கணக்கில் சிறைப்பட்டிருக்கும். அதே ஊடுருவல் வேறிடத்தில் தொல்லையும் தருகிறது. டிரான்சிஸ்டர்களைச் சிறிதாக்கிக்கொண்டே சென்றதில் அவற்றின் காப்புப் படலம் ஏறத்தாழ 12 ஆங்ஸ்ட்ராம் வரை மெலிந்து, மின்னோட்டம் கசியத் தொடங்கியது. 2007 ஆம் ஆண்டில் ஹாஃப்னியம் கலந்த தடித்த படலங்களுக்கு மாறியே அதைத் தடுத்தனர்.

அப்படியானால் சுவரைக் கடக்கலாமா?

இக்கட்டுரையின் கருத்துகளை விடுதியில் சொல்லிக்கொண்டிருந்தபோது வணிகவியல் நண்பர் ஒருவர் கேட்டார்: "எலெக்ட்ரான் கடக்கும் என்றால், எலெக்ட்ரானால் ஆன மனிதன் மட்டும் ஏன் சுவரைக் கடக்க முடியாது?" நல்ல வினா. 'குவாண்டம்' என்ற சொல்லைச் சித்து வேலைகளுக்கும் அற்புத மருந்துகளுக்கும் முத்திரையாகக் குத்தி விற்கும் இந்நாளில் ஒவ்வொரு மாணவனும் விடை தெரிந்து வைத்திருக்க வேண்டிய வினாவும் ஆகும்.

மனிதன் வேண்டாம்; ஐந்து கிராம் எடையுள்ள கோலிக் குண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தடை பத்து சென்டிமீட்டர் தடிமன். கோலிக்குக் குறையும் ஆற்றல் ஒரே ஒரு ஜூல். அதே கோலியை 20 மீட்டர் உயரத்துக்குத் தூக்கத் தேவைப்படும் ஆற்றல் அது. இவ்வெண்களை அதே கோவையில் இட்டேன். கிடைக்கும் நிகழ்தகவு 1-இன் கீழ் ஓர் எண். அவ்வெண் 1-இல் தொடங்கி அதன் பின் சுழியங்களாகச் செல்கிறது. எத்தனை சுழியங்கள்? 8 எழுதி அதன் பின் 31 சுழியங்கள் இட்டால் வரும் எண்ணிக்கை அது. ஒரு சுழியத்துக்கு ஒரு மில்லிமீட்டர் இடம் விட்டு ஒரே வரியில் எழுதினால், நாம் காணக்கூடிய அண்டத்தின் விட்டத்தைப் போல் ஏறத்தாழ 90 மடங்கு நீளமான காகிதம் வேண்டும். நிகழ்தகவின் அளவைச் சொல்லவில்லை நண்பர்களே. அதை எழுதத் தேவையான காகிதத்தின் நீளத்தைச் சொல்கிறேன்!

'பெரிய பொருள்களில் குவாண்டம் விளைவே இல்லையா?' என்று எங்கள் துறையினர் கேட்கக்கூடும். 1984, 1985 ஆம் ஆண்டுகளில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் கிளார்க், டெவொரே, மார்ட்டினிஸ் ஆகியோர், கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய அளவுள்ள மீக்கடத்திச் சுற்று ஒன்றில் எண்ணற்ற எலெக்ட்ரான் இணைகள் ஒரே துகள் போல் ஒன்றுபட்டு அரணை ஊடுருவுவதைக் காட்டினர். 2025 ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு இதற்காகவே அவர்களுக்கு வழங்கப்பட்டது. ஆனால் அங்கே கடந்தது சுற்று அன்று, சுற்றின் மின்நிலை. அதற்கும் தனிச்சுழி வெப்பநிலைக்கு அருகே குளிர்வித்து, வெளி இரைச்சல் அனைத்தையும் தடுத்துப் பாடுபட வேண்டியிருந்தது. அவர்கள் செயல் அற்புதத்துக்குச் சான்று அன்று. அளந்து பார்க்கும் பொறுமைக்குச் சான்று.

முடிவாக

'முடியும்', 'முடியாது' என்ற இரு சொற்களோடு நாம் உலகை அளந்துகொண்டிருந்தோம். அரண் ஊடுருவல் அவற்றின் நடுவே 'எவ்வளவு?' என்ற மூன்றாவது சொல்லைக் கொண்டுவந்து வைக்கிறது. எலெக்ட்ரானுக்கு எட்டில் ஒன்று. தோரியத்துக்குப் பல நூறு கோடி ஆண்டுகளில் ஒரு முறை. கோலிக் குண்டுக்கு அண்டத்திலும் அடங்காத சுழியங்கள். மூன்றுக்கும் விதி ஒன்றே. மாறியவை எண்கள் மட்டுமே. விதியை மட்டும் சொல்லி எண்ணை மறைப்பவர் கோலிக் குண்டையும் பறக்கவிடுவார். எண்ணைக் கேட்பவரை அவரால் ஏமாற்ற இயலாது.

ஆகவே இறுதியாண்டுத் தோழர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. அடுத்த முறை அந்தப் பத்து மதிப்பெண் வினாவைப் படிக்கும்போது கோவையைக் கட்டம் கட்டியதோடு ஏட்டை மூடிவிடாதீர்கள். ஓர் எலெக்ட்ரானின் நிறையையும், ஐந்து ஆங்ஸ்ட்ராம் தடிமனையும், 4 எலெக்ட்ரான் வோல்ட் பற்றாக்குறையையும் அதில் இட்டு ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். கால் மணி நேர வேலைதான். விடையாக வரும் சிறு எண்ணை மணவாளக்குறிச்சி மணலோடும் நண்பகல் வெயிலோடும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். கட்டத்துக்குள் இருக்கும் கோவை அப்போது உங்களோடு பேசும்.